பிள்ளை யாரிடம் கேட்கும்?

பள்ளிக்கூட நூலகத்தில் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் அதிகம் புரட்டப்பட்டிருக்கிறது என்று அறிய வழங்கல் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. புத்தகத்தை மூடிவைத்து, பக்க ஓரங்களைப் பார்த்தால் போதும். தடித்த அகராதியோ கலைக்களஞ்சியமோ, நடுவில் எங்காவது ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்த இடத்தில் விரல்விட்டுப் பிரித்தால் மனித உடலின் படம் வரும். நான் உயிரியல் ஆசிரியனாக இருந்த காலம் முழுக்க நூலகப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. தனி நூலகர் எங்கள் பள்ளிக்கு வந்ததே இல்லை. பீரோ சாவி என் சட்டைப் பையில் கிடக்கும். ஆகவே அந்தக் கறுப்புக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அது வருடா வருடம் அழுத்தமாகிக்கொண்டே போனதும் தெரியும்.

இணையம் வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று யாராவது சொன்னால் அந்தக் கோடுதான் எனக்கு நினைவுக்கு வரும். ஆசை அன்றும் இருந்தது. அது தேடிப் போக இரண்டு பக்கங்கள் இருந்தன. இன்று பல லட்சம் பக்கங்கள் இருக்கின்றன. இந்த வேறுபாடு சிறியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசைக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று என்பதில் மாற்றமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு என்னை அவ்வப்போது கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "ஹைடெக் லேப்ல பசங்க விக்கிப்பீடியாவைத் திறந்து கண்டதையும் பார்க்கிறாங்களாம் சார். அதை மொத்தமா பூட்டச் சொல்லுங்க" என்றார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா உட்கார்ந்தபடியே, "இங்க பூட்டிட்டா எங்க போய்ப் பார்க்கும்? எங்க வீட்டு போன்லதான்" என்றார். கூட்டம் சிரித்தது. தகப்பனார் முகம் வாடிவிட்டது. அவர் பேசியதில் தப்பில்லை. பெற்ற பிள்ளை வயசுக்கு மீறியதைப் பார்த்துவிடக் கூடாது என்று அஞ்சுகிற மனம் நல்ல மனம். அந்த அம்மா சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வோம். காமத்தைக் காசாக்குவதற்கென்றே நடத்தப்படும் தளங்கள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கணினியில் அடைத்துவைப்பதில் இரண்டாம் பேச்சே வேண்டாம். நான் சொல்வது கலைக்களஞ்சியம், அகராதி, மருத்துவத் தகவல் பக்கம், பழைய நாளிதழ்த் தொகுப்பு போன்ற உசாத்துணைகளை. இவற்றிலும் நிர்வாணம் உண்டு, நோய் உண்டு, கொலை உண்டு, போதை உண்டு. ஆனால் இங்கே ஒரு சங்கதி சொல்லப்படுவது தெரிந்துகொள்வதற்காக. பால்வினை நோய் பற்றிய கட்டுரையை வாசிக்கிற பையன் மூன்றாவது பத்தியில் சலித்துப்போவான். நுண்ணுயிரியின் பெயர், பரவும் விதம், மருந்து, தடுப்பு. அவன் தேடி வந்த கிளுகிளுப்பு அங்கே இல்லை. மற்ற தளமோ அவனை விடாமல் உட்கார வைப்பதற்கென்றே செய்யப்பட்டது.

இணையக் கலைக்களஞ்சியமும் குறையில்லாமல் இல்லை. விக்கிப்பீடியா 2001-இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் வந்தது. உள்ளடக்கத்தைத் தணிக்கை செய்வதில்லை என்பதை அது எழுதியே வைத்திருக்கிறது. சிலருக்கு உவப்பில்லாத படமும் எழுத்தும் இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. உடற்கூறு பற்றிய கட்டுரையில் கோட்டோவியத்தோடு ஒளிப்படமும் இருக்கும். விரும்பாதவர்கள் தங்கள் திரையில் மட்டும் சில படங்களை மறைத்துக்கொள்ள ஒரு வசதி செய்யலாமா என்று 2011-இல் விக்கிமீடியா அறக்கட்டளை பயனர்களிடம் கருத்துக் கேட்டது. 20,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். எந்தப் படம் ஆட்சேபத்துக்குரியது என்று யார் முடிவு செய்வது என்ற இடத்தில் பெரிய சச்சரவு எழுந்தது. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியர்கள் பலமாக எதிர்த்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் கூடிப் பேசியும் கோட்டை எங்கே கிழிப்பது என்று தீர்க்க முடியவில்லை. அப்படியிருக்க, பள்ளியில் ஒரு கணினி ஆசிரியர் ஒரு மாலையில் அதைத் தீர்த்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்தக் கத்தரிப்பு வேலை புதிதுமில்லை. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் முதல் பதிப்பு எடின்பரோ நகரில் 1768 முதல் 1771 வரை பகுதி பகுதியாக வந்தது. அதில் பிரசவம் பார்ப்பது குறித்த கட்டுரைக்குச் செதுக்குப் படங்கள் போட்டிருந்தார்கள். பெண்ணின் இடுப்பெலும்பும் கருப்பைச் சிசுவும் அவற்றில் இருந்தன. பெரிய அமளி. மன்னர் மூன்றாம் ஜார்ஜே அந்தப் பக்கங்களைக் கிழித்தெறியச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, பிரசவத்தில் தாயும் சேயும் சாதாரணமாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவச்சி பார்க்க வேண்டிய படத்தைக் கண்டுதான் கனவான்கள் முகம் சுளித்தார்கள்.

2010-இல் கலிபோர்னியாவின் மெனிஃபீ என்ற ஊரில் நடந்தது இன்னும் சுவையானது. ஒரு மாணவர் அகராதியில் பாலுறவு தொடர்பான ஒரு சொல்லுக்கு விளக்கம் இருந்ததைப் பார்த்துவிட்டார். வீட்டிலிருந்து புகார் வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்பு அறைகளிலிருந்து மெரியம் வெப்ஸ்டர் அகராதியையே எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்காக அத்தனை சொற்களும் வெளியேறின. பிறகு ஆசிரியர்களும் பெற்றோரும் அடங்கிய ஒரு குழு உட்கார்ந்து பேசி, அகராதியை வகுப்புக்கே திருப்பி அனுப்பியது. வேண்டாம் என்கிற பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் வேறு அகராதி. எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. ஒரு வீட்டின் கூச்சத்துக்கு அந்த வீட்டு அளவில் மரியாதை கிடைத்தது. மற்ற பிள்ளைகளுக்கு அகராதி கிடைத்தது.

2018-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பள்ளிகளுக்கான எப்ஸ்கோ தரவுத்தளம் மீது பெற்றோர் அமைப்பொன்று வழக்குப் போட்டது. பிள்ளைகள் பாடத்துக்காகத் தேடினால் பெரியவர்கள் இதழ்களின் கட்டுரைகளும் வந்து விழுகின்றன என்பது குற்றச்சாட்டு. மறு ஆண்டே வழக்கு திரும்பப் பெறப்பட்டது. யூட்டா மாநிலத்திலும் 2018-இல் அதே தரவுத்தளத்தைப் பள்ளிகளுக்கு நிறுத்திவைத்து, சில வாரத்தில் திறந்தார்கள். அங்கேயும் பெற்றோரின் அச்சம் பொய்யில்லை. எட்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் ஒரே குவியலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். குவியலை வயதுக்கேற்பப் பிரித்திருக்க வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு உழைப்பு வேண்டும், அடைப்பதற்கு ஒரு பொத்தான் போதும். எல்லா ஊரிலும் பொத்தானே முதலில் அழுத்தப்படுகிறது.

பொத்தான் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடிகட்டி என்கிறோமே, அது பெரும்பாலும் இரண்டு பட்டியல்தான். அடைக்க வேண்டிய தளங்களின் பட்டியல் ஒன்று, அடைக்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று. அது எழுத்தைப் பார்க்கும், பொருளைப் பார்க்காது. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது. 1996-இல் ஊர்க்காரர்கள் ஒரு பெரிய இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்கப் போனபோது, அவர்களுடைய சொந்த ஊர்ப்பெயரையே இயந்திரம் ஏற்க மறுத்தது. 2008 டிசம்பரில் விக்கிப்பீடியாவில் ஒரு பழைய இசைத்தட்டின் அட்டைப்படத்தை முன்னிட்டு, பிரிட்டனில் பல இணையச் சேவைகள் அந்தப் பக்கத்தை மறைத்தன. மறைத்த விதத்தின் பக்கவிளைவாக, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஏராளமானோர் விக்கிப்பீடியாவில் ஒரு வரி திருத்த முடியாமல் போனது. சில நாளில் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலும் ஒரு கூத்து. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மார்பகப் புற்றுநோய் பற்றி அறிவியல் மன்றத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும். அவள் பாட்டிக்கே அந்த நோய். பாடப்புத்தகத்து ஆங்கிலச் சொல்லைப் போட்டாள், பக்கம் அடைபட்டது. "அனுமதி இல்லை" என்று திரையில் சிவப்பாக வந்ததும் ஏதோ குற்றம் செய்துவிட்டவள் போல நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அதே வாரம் மூன்று பையன்கள் தமிழ்க் கொச்சைச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத் தங்கு தடையில்லாமல் உள்ளே போயிருந்தார்கள். வடிகட்டியின் பட்டியலில் நம் தெருப் பேச்சு இல்லை. கண்ணியமான சொல்லை அறிந்த பிள்ளை வெளியே நின்றது. கெட்ட வார்த்தை தெரிந்தவன் உள்ளே இருந்தான். இந்த ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வயதுக்கு மீறியது என்றதும் நம் எல்லோருக்கும் நிர்வாணம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் திராங்பாங் கிராமத்தில் நேபாம் குண்டு விழுந்து, ஆடையெல்லாம் எரிந்துபோய், அலறிக்கொண்டு சாலையில் ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமியின் படம் உலகத்துக்கே தெரியும். கிம் ஃபுக் என்பது அவள் பெயர். 2016-இல் நார்வே எழுத்தாளர் ஒருவர் அந்தப் படத்தைப் போட்டபோது பேஸ்புக் அதை நிர்வாணம் என்று நீக்கியது. நார்வே பிரதமர் உட்படப் பலர் எதிர்த்துக் கேட்ட பிறகே திரும்ப அனுமதித்தது. அந்தப் படத்தில் ஆபாசமானது குண்டு. அதை நீக்க எந்த வடிகட்டியும் முன்வரவில்லை. நாமும் அப்படித்தான். கழுத்தை வெட்டும் காட்சியைப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்ப்போம். முத்தம் வந்தால் மட்டும் ரிமோட்டைத் தேடுவோம்.

உண்மையிலேயே நான் அஞ்சுகிற பக்கங்கள் வேறு. தன்னை மாய்த்துக்கொள்ளும் வழிகளை விவரிக்கும் பக்கம், பட்டினி கிடந்து உடம்பை இளைக்கச் செய்யும் யோசனைகள், போதைப் பொருளின் அளவுக் கணக்கு. மனம் உடைந்திருக்கிற ஒரு பிள்ளை தனியாக அங்கே போய்ச் சேர்ந்தால் ஆபத்து. பள்ளிக் கணினியில் பூட்டு போட வேண்டும் என்றால் இங்கே போடுங்கள், உரக்கக் கைதட்டுவேன். அதோடு, அப்படி ஒரு பிள்ளை தேடியது தெரியவந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் எழுதாதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். அது தேடிய சொல் நமக்கு வந்த தந்தி.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பெண் வயதுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஊர் முழுக்கப் பத்திரிகை வைக்கிறோம். தாய்மாமன் சீர் லாரியில் வருகிறது. பிள்ளையின் படம் போட்டு நாற்சந்தியில் ஃபிளக்ஸ் கட்டுகிறோம். மைக் செட் வைத்து அறிவிக்கிறோம். இத்தனையும் செய்துவிட்டு, அவள் உடம்பில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாராவது உட்கார்ந்து சொன்னோமா? பல வீடுகளில் இல்லை. "அங்க உட்காராதே, இதைத் தொடாதே" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஊருக்குத் தெரிந்த செய்தி, உரியவளுக்கு மட்டும் மர்மம். அப்படிப்பட்ட பிள்ளை ஆய்வகத்தில் உட்கார்ந்து 'மாதவிடாய்' என்று தேடினால், அதை வயதுக்கு மீறியது என்று எந்த முகத்தோடு சொல்வது?

பையன்கள் நிலை இதைவிடப் பரிதாபம். அவர்களுக்குச் சீரும் இல்லை, சொல்வாரும் இல்லை. குரல் உடைகிறது, இரவில் உடம்பு ஏதோ செய்கிறது. தனக்கு ஏதோ நோய் என்று நம்பிக்கொண்டு, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து சாகிறவன் எத்தனை பேர்! ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை, "இது எல்லோருக்கும் நடப்பதுதான்" என்று ஒரு வரியில் சொல்லிவிடும். பல குடும்பங்களில் அந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லை.

நம் முன்னோர் இவ்வளவு கூசியவர்களாகவும் தெரியவில்லை. கோயில் தேரின் மரச்சிற்பங்களைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே என்னென்ன செதுக்கியிருக்கிறார்கள் என்று. அந்தத் தேரைத்தான் பிள்ளை குட்டிகளோடு வடம் பிடித்து இழுக்கிறோம். யாரும் துணி போட்டு மூடியதில்லை. பிள்ளைகளும் கெட்டுப்போகவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டுவது திருக்குறளை நாம் பள்ளியில் கையாளும் விதம். 1,330 குறளில் காமத்துப்பால் 250. வீரமாமுனிவர் 1730-இல் குறளை லத்தீனில் பெயர்த்தபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவி அவர், அவருக்கு ஒரு சங்கடம் இருந்திருக்கும். ஜி. யு. போப் ஐயரும் பாதிரியார்தான். முதலில் தயங்கியவர், பிறகு வாசித்துப் பார்த்து, 1886-இல் மூன்று பாலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 2016-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் பாடமாக வைக்கச் சொன்னது. காமத்துப்பால் அதில் சேரவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. வயது வரட்டும் என்று எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் பள்ளி நூலகத்துக் குறள் புத்தகத்திலிருந்து கடைசி இருபத்தைந்து அதிகாரத்தைக் கிழித்துவிட்டு வைக்க வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. பரிசளிப்பு விழாவில் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு முழுக் குறளைத்தான் கொடுக்கிறோம். பாடம் நடத்துவதற்கு ஒரு வரிசை உண்டு, வயதைப் பார்த்து அதை வகுக்கிறோம். நூல் முழுசாக அலமாரியில் இருக்கிறது. முன்கூட்டியே எடுத்துப் படிக்கிற பிள்ளை புரிந்த அளவுக்குப் புரிந்துகொண்டு போகிறது, பெரியவனானதும் மறுபடி வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். எதைச் சொல்லித் தருவது என்பதை வகுப்பு முடிவு செய்யட்டும். எது நூலில் இருக்கலாம் என்பதை வகுப்பு முடிவு செய்ய வேண்டாம்.

சின்ன வகுப்புகளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தையைத் திறந்த இணையத்தில் தனியே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கென்று தனியாகச் செய்து தர வேண்டும். பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. முதல் தொகுதி 1954, கடைசித் தொகுதி 1968. அதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போகவில்லை. 1968 முதல் 1976 வரை உழைத்துக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாகத் தந்தார்கள். பெரியவர்கள் நூலைப் பூட்டிவைத்துக் குழந்தையைக் காப்பாற்றவில்லை, குழந்தைக்கு வேறு நூல் எழுதிக் கொடுத்தார்கள். இணையத்திலும் இது நடந்திருக்கிறது. எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் அமைப்பின் பிரிட்டன் கிளை விக்கிப்பீடியாவிலிருந்து சில ஆயிரம் கட்டுரைகளைப் பொறுக்கி, சரிபார்த்து, பள்ளிகளுக்கென்று குறுவட்டிலேயே கொடுத்தது. இணைய இணைப்பு இல்லாத பள்ளியிலும் அது ஓடியது. பிரெஞ்சு மொழியில் 2006-இல் தொடங்கிய விக்கிடியா 8 முதல் 13 வயதுக்காரர்களுக்கென்றே எழுதப்படுகிறது. ஜெர்மனில் கிளெக்ஸிகான் இருக்கிறது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கோடை விடுமுறையில் ஆளுக்கு நான்கு கட்டுரை எழுதினால் நமக்கும் ஒன்று உருவாகிவிடும். புகார் மனு எழுதும் நேரத்தில் பாதி போதும்.

பூட்டைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் தெரிந்திருப்பது. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் அதன் பார்வையில் குழந்தைகள். உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் 14417-ஐயும் அழைக்கலாம். ஆனால் சட்டமும் எண்ணும் வேலை செய்ய வேண்டுமானால், நடந்தது என்ன என்று பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சொல் வேண்டும். 'அது', 'அங்கே', 'ச்சீ' என்ற மூன்றோடு வளர்ந்த பிள்ளை எதை வைத்துப் புகார் சொல்லும்? தொட்டவன் பெரும்பாலும் தெரிந்தவனாக இருப்பான். பிள்ளை பேசாது என்பதுதான் அவனுடைய துணிச்சல். நாம் வெட்கம் என்று நினைத்து வளர்ப்பதை அவன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறான். உடற்கூறுப் பக்கத்தை மறைக்கிற ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்கும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். மேலே கைப்பிடிச் சுவரும் இருக்கும், கீழே சித்தப்பாவோ மாமாவோ நீரில் நிற்பார்கள். பள்ளி இணையத்துக்கும் இந்த மூன்றும் வேண்டும். சுவரைக் கட்டியதோடு பொறுப்பு முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவதால்தான் விபரீதம் வருகிறது.

நீரில் நிற்பது எப்படி என்று இளம் ஆசிரியர்கள் என்னைக் கேட்பதுண்டு. பெரிய வித்தை இல்லை. ஆய்வகத்தில் திரைகள் சுவரைப் பார்க்காமல் நடைபாதையைப் பார்க்குமாறு மேசைகளைப் போடுங்கள். அதுவே பாதி வடிகட்டி. நான்கு பையன்கள் ஒரு திரையில் தலையைக் குவித்துச் சிரித்தால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்காதீர்கள். மெதுவாகப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "என்ன தேடினீங்க?" என்று கேளுங்கள். முதலில் ஊமையாக இருப்பார்கள். "சரி, கிடைச்சுதா?" என்று அடுத்த கேள்வி. இதற்குச் சிரிப்பு வரும், பிறகு பேச்சு வரும். பக்கத்தில் இருக்கும் முதல் பத்தியை ஒருவனை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அறிவியல் தமிழில் அதை வாசித்து முடிப்பதற்குள் பாதிக் கிறுக்கு தெளிந்துவிடும். மீதியில் உண்மையான சந்தேகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, நாளைக்குச் சொல்லவும் செய்யுங்கள்.

யார் என்ன தேடினார்கள் என்ற விவரத்தைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் போட்டு உடைக்காதீர்கள். பெண் பிள்ளை தேடினால் ஒரு நீதி, பையன் தேடினால் ஒரு நீதி என்று வைக்காதீர்கள். பையன் தேடினால் "வயசுக் கோளாறு" என்று சிரிப்பதும், பெண் தேடினால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதும் நம் ஊரில் சகஜம். அப்படிச் சொல்லி அனுப்பி, பள்ளியை விட்டே நின்றுபோன பிள்ளையை எனக்குத் தெரியும். அவள் தேடியது கருத்தரிப்பு என்ற பாடத் தலைப்பை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். பிள்ளை ஒரு சங்கடமான கேள்வியோடு உங்களிடம் வந்தால், அது உங்களுக்குக் கிடைத்த மரியாதை. அடுப்படியில் வேலையாக இருந்தாலும் விரட்டாதீர்கள். கேட்ட அளவுக்குப் பதில் சொன்னால் போதும். ஏழு வயதுக் குழந்தை "பாப்பா எங்கேர்ந்து வருது?" என்று கேட்டால் "அம்மா வயித்துக்குள்ள அதுக்குன்னு ஒரு பை இருக்கு, அங்கேர்ந்து" என்பது முழுப் பதில். மேலே கேட்டால் மேலே சொல்லலாம். "பேசாம போ" என்ற இரண்டு வார்த்தையில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. சாத்திய கதவைப் பிள்ளை மறுபடி தட்டாது. அதே கேள்வியை வேறொருவரிடம் கொண்டுபோகும். அந்த வேறொருவர் கலைக்களஞ்சியமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தெருமுனையில் நிற்கும் மூத்த பையனாகவோ, பெயர் தெரியாமல் போனில் பேசும் எவனோவாகவோ இருந்தால்?

கூட்டத்தில் எழுந்த அந்தத் தகப்பனாரிடம் பிறகு தனியாகப் பேசினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எல்லாம் சரி சார், நான் என் மகன்கிட்ட இதையெல்லாம் எப்படிப் பேசறது? எங்கப்பா எங்கிட்டப் பேசினதில்லையே" என்பது. நேர்மையான கேள்வி. நம் தலைமுறைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. அப்பாவால் முடியாதபோது பள்ளி பேச வேண்டும். அதற்கு அரசாங்கம் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கம் பாடமாகவே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் இருக்கின்றன. படத்தோடு, பெயரோடு, நோயோடு, தடுப்போடு இருக்கின்றன. அச்சடித்து, இலவசமாகப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தாகிவிட்டது. ஆனால் எத்தனையோ பள்ளிகளில் அந்தப் பாடம் வந்ததும், "இதை வீட்டில் படிச்சுக்குங்க, ஒரு மார்க் கேள்வி மட்டும் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறோம். வகுப்பில் எவரும் சொல்லாமல் விட்டதைத்தான் பிள்ளைகள் ஆய்வகத்தில் தேடுகிறார்கள். அதைக் கண்டுபிடித்து நாம் திடுக்கிடுகிறோம்.

ஆகவே, இந்த வருடம் அந்தப் பாடம் வரும்போது, டீச்சர்களே, சார்களே, தாண்டிப் போகாதீர்கள். பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்து, கரும்பலகையில் படம் வரைந்து, பாகங்களின் பெயரை முழு எழுத்தில் எழுதி நடத்துங்கள். முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள். மேசைமேல் ஒரு பெட்டி வைத்துப் பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டு போடச் சொல்லுங்கள், மறுநாள் அத்தனைக்கும் பதில் சொல்லுங்கள். இதைச் செய்து முடித்த பிறகும் ஆய்வகத்தில் இன்னும் ஒரு பூட்டு தேவை என்று உங்களுக்குத் தோன்றினால், என்னைக் கூப்பிடுங்கள். நானே வந்து மாட்டித் தருகிறேன்.